கண்காணிப்பு செயலியை உங்கள் லெப்டொப்பில் ஏற்றுவதற்கு முன்

வீட்டிலிருந்து டேட்டா என்ட்ரி, டிசைன், கணக்கு எழுதுதல், வீடியோ எடிட்டிங் என்று எந்த வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே ஒரு லிங்க் வரும்: "இதை இன்ஸ்டோல் பண்ணிவிட்டுத் தொடங்குங்கள்." வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் வாசிக்காமலே எல்லாவற்றுக்கும் 'யெஸ்' அமத்திவிடுகிறார்கள். பிறகு தங்கச்சி உயர்தரப் பாடம் படிக்கும் அதே லெப்டொப், வீட்டாரின் வட்ஸ்அப், வங்கிக் கணக்கு எல்லாம் முகம் தெரியாத ஒருவரின் திரைக்குப் போகின்றன. சம்பளம் தருகிறவர் வேலையைச் சரிபார்ப்பதில் பிழை இல்லை. அவர் காசு கொடுக்கும் மணித்தியாலத்துக்கும் அந்த வேலைக்கும் அப்பால் அவருக்கு வீட்டுக்குள் அலுவல் இல்லை. அந்த எல்லையை ஏற்றுவதற்கு முன் போடுவது லேசு, பிறகு போடுவது மிகவும் கஷ்டம்.

செயலி எந்த வகை?

கண்காணிப்பு செயலிகள் இரண்டு வகை. ஒன்று, நீங்களே டைமரை அமத்தித் தொடங்கி நீங்களே நிறுத்துவது. ஃப்ரீலான்ஸ் வேலைத் தளமான அப்வேர்க்கின் டெஸ்க்டொப் அப், ஹப்ஸ்டாஃப் என்ற நேரக் கணக்குச் செயலியின் சாதாரண பதிப்பு இந்த வகை. டைமர் ஓடாத நேரத்தில் அவை திரையைப் பதிவதில்லை. மற்றது, கணினி ஓனான நேரத்திலிருந்து பின்னால் ஓடிக்கொண்டே இருப்பது. டெராமைண்ட் போன்றவை எந்த எழுத்தை அமத்தினீர்கள் என்பது வரை பதியக்கூடியவை, திரையை வீடியோவாக எடுக்கக்கூடியவை, ஐகன்கூடக் காட்டாமல் மறைந்து ஓடக்கூடியவை. டைம் டொக்டரிலும் ஹப்ஸ்டாஃப்பிலும் இரண்டு வகையும் உண்டு. ஆகவே பெயரை மட்டும் கேட்டுவிட்டு 'அது தெரிந்த செயலிதானே' என்று விட்டுவிட வேண்டாம், எந்த மோடில் ஓடப்போகிறது என்பதுதான் கேள்வி.

எங்களுடைய தீர்மானம் இதுதான்: முதல் வகையைச் சொந்த லெப்டொப்பில் ஏற்றலாம், கீழே சொல்லும் ஒழுங்குகளோடு. இரண்டாம் வகையைச் சொந்த லெப்டொப்பில் ஏற்றவே வேண்டாம். அது வேண்டும் என்று நிற்கும் நிறுவனம் தன் லெப்டொப்பை அனுப்பட்டும்.

அப்வேர்க் எப்படி எண்ணுகிறது என்று தெரிந்தால் மற்றவற்றையும் விளங்கிக்கொள்ளலாம். அது நேரத்தை 10 நிமிடத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஏதோ ஒரு கணத்தில் ஒரு ஸ்கிரீன்ஷொட், மணித்தியாலத்துக்கு 6, எட்டு மணித்தியாலத்துக்கு 48. அதோடு கீபோடும் மவுஸும் எத்தனை தரம் அசைந்தன என்ற எண்ணிக்கை. என்ன எழுதினீர்கள் என்பதை அது பதிவதில்லை. படம் எடுத்தவுடன் மூலையில் ஒரு சிறு பெட்டி வரும், அங்கேயே அழிக்கலாம். பின்னர் உங்கள் நேரமும் படங்களும் பதிந்திருக்கும் 'வேர்க் டயரி' பக்கத்திலும் அழிக்கலாம். ஆனால் படத்தை அழித்தால் அந்த 10 நிமிடக் காசும் போகும். தெரியாமல் வங்கிப் பக்கம் அகப்பட்டுவிட்டால் யோசிக்கவே வேண்டாம், 10 நிமிடத்தை விட்டுக்கொடுத்து அழித்துவிடுங்கள்.

ஹப்ஸ்டாஃப்பில் 10 நிமிடத்துக்கு 3 படம் வரை வைக்கலாம், அதாவது எட்டு மணித்தியாலத்துக்கு 144. நிறுவனம் விரும்பினால் படங்களை மங்கலாக்கியும் விடலாம். பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது, கேட்டால் செய்துதரும் க்ளையன்ட்மார் இருக்கிறார்கள். அதில் 'அக்டிவிட்டி வீதம்' என்று காட்டுவது, 600 விநாடியில் எத்தனை விநாடி கீபோடோ மவுஸோ அசைந்தது என்ற கணக்கு மட்டுமே. 300 விநாடி அசைந்திருந்தால் 50 வீதம். நீங்கள் யோசித்ததும் வாசித்ததும் போனில் க்ளையன்டோடு கதைத்ததும் அதில் பூச்சியம்.

எழுத்தில் கேட்கவேண்டியவை

வேலையை ஏற்றுக்கொள்ளும் முன் மின்னஞ்சலில் அல்லது அந்தத் தளத்தின் மெசேஜில் கேளுங்கள். வட்ஸ்அப் அழைப்பில் கேட்டால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. கேட்கும் விதம் முக்கியம். "ஏன் என்னை நம்பவில்லை" என்ற தொனி வந்தால் கதை கெட்டுவிடும். "எனது வீட்டுக் கணினியைக் குடும்பத்தாரும் பாவிக்கிறார்கள், அவர்களுடைய விபரம் உங்கள் சேர்வருக்கு வராமல் ஒழுங்கு செய்யவே கேட்கிறேன்" என்று தொடங்குங்கள். இது உண்மையான காரணம். மற்றவர்களின் தகவலைத் தெரியாமல் சேகரிப்பது நிறுவனத்துக்கும் தலையிடி என்பதால் பெரும்பாலும் மரியாதையாகப் பதில் வரும்.

கேட்கவேண்டியவை இவை. செயலியின் பெயரும் மோடும் என்ன? ஸ்கிரீன்ஷொட் 10 நிமிடத்துக்கு எத்தனை, மங்கலாக்கலாமா? இரண்டு மொனிட்டர் இருந்தால் இரண்டும் பதியப்படுமா? கீபோட் எழுத்துகள், வெப் கமரா, மைக், இருப்பிடம் இவற்றில் எது ஓனாக இருக்கிறது? யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அக்டிவிட்டி வீதம் குறைந்தால் காசு வெட்டப்படுமா, வெட்டுவதற்கு முன் என்னிடம் கேட்பீர்களா? கடைசிக் கேள்விதான் ஆக முக்கியம். அதற்குப் பதில் வராமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மோசடிக்காரர்கள் வேலை தருகிறோம் என்று சொல்லி, கண்காணிப்பு செயலி என்ற பெயரில் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தூரத்திலிருந்து இயக்கும் செயலிகளை ஏற்றச் சொல்வார்கள், அல்லது டெலிகிராமில் ஒரு ஃபைலை அனுப்புவார்கள். எனிடெஸ்க் கண்காணிப்பு செயலி இல்லை. அதில் அனுமதி கொடுத்தால் அந்த ஆள் உங்கள் மவுஸைப் பிடித்து வங்கிக் கணக்கைத் திறக்கலாம். உண்மையான செயலியை அதன் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்கிய ஃபைலில் ரைட் க்ளிக், 'ப்ரொப்பட்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்று போனால் யாருடைய பெயரில் கையொப்பம் இருக்கிறது என்று தெரியும். அந்தப் பகுதியே இல்லாவிட்டால் ஏற்ற வேண்டாம்.

ஒரே லெப்டொப்பில் வேலையையும் வீட்டையும் பிரித்தல்

இரண்டாவது லெப்டொப் வாங்க முடிந்தால் இந்தப் பகுதியை வாசிக்கவே தேவையில்லை. ஒரு லெப்டொப்தான் வீட்டில் என்றால், வேலைக்கென்று விண்டோஸில் தனி யூசர் கணக்கு திறவுங்கள்.

1. 'செட்டிங்ஸ்', 'அக்கவுன்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்', 'அட் அக்கவுன்ட்' என்று போங்கள். மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் 'ஐ டோன்ட் ஹேவ் திஸ் பேர்சன்ஸ் சைன்-இன் இன்ஃபர்மேஷன்' என்பதையும், அடுத்த பக்கத்தில் 'அட் எ யூசர் விதவுட் எ மைக்ரோசொஃப்ட் அக்கவுன்ட்' என்பதையும் அமத்துங்கள். பெயருக்கு 'வேலை' என்றே வையுங்கள்.

2. அந்தக் கணக்கு 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆகவே இருக்கட்டும், அட்மின் ஆக்க வேண்டாம். ஸ்டாண்டர்ட் கணக்கிலிருந்து உங்கள் மற்றக் கணக்கின் ஃபோல்டர்களைத் திறக்க முடியாது. படங்கள், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் பத்திரங்கள் எல்லாம் அங்கே பாதுகாப்பாக இருக்கும்.

3. வேலைக் கணக்குக்குள் போய், அங்கே பிரவுசரில் வேலைக்கான மின்னஞ்சலை மட்டும் சைன் இன் செய்யுங்கள். உங்கள் சொந்த ஜிமெயிலைப் போட்டால் சேமித்த பாஸ்வேர்ட், ஹிஸ்ட்ரி எல்லாம் ஒத்திசைந்து பின்னாலேயே வந்துவிடும். வட்ஸ்அப் வெப், பேஸ்புக் இந்தக் கணக்கில் கூடவே கூடாது.

4. இப்போது செயலியை ஏற்றுங்கள். ஏற்றும்போது அட்மின் பாஸ்வேர்ட் கேட்டால் கவனம்: அது முழுக் கணினிக்கும் ஏறுகிறது என்று அர்த்தமாகலாம்.

5. வேலைக் கணக்கிலிருந்து 'சைன் அவுட்' ஆகி, வீட்டுக் கணக்குக்குள் வாருங்கள். 'ஸ்விட்ச் யூசர்' போதாது, அதில் பழைய கணக்கு பின்னால் திறந்தே கிடக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அமத்தி டாஸ்க் மேனேஜரைத் திறவுங்கள். 'ப்ரொசெஸஸ்', 'சேர்விசஸ்' இரண்டிலும் அந்தச் செயலியின் பெயரைத் தேடுங்கள். இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தால் பிரிப்பு வேலை செய்யவில்லை. அது இரண்டாம் வகைச் செயலி, அகற்றிவிட்டு க்ளையன்டோடு கதையுங்கள்.

6. திரும்ப வேலைக் கணக்குக்குப் போய் டைமரைப் போட்டு, ஒரு வெறும் டொகியுமென்டைத் திறந்து அரை மணித்தியாலம் வேலை செய்யுங்கள். பிறகு செயலியின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய், என்ன படம் ஏறியிருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். கீழ் மூலையில் நோட்டிஃபிகேஷன் ஏதும் விழுந்திருக்கிறதா, இரண்டாம் மொனிட்டரும் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டிஃபிகேஷனால் மாட்டுப்படுகிறவர்கள் அதிகம். விண்டோஸ் 11 இல் விண்டோஸ் பட்டனையும் 'என்' எழுத்தையும் சேர்த்து அமத்தினால் மேலே 'டு நொட் டிஸ்டர்ப்' வரும், அதை ஓன் பண்ணிவையுங்கள்.

வேறொரு க்ளையன்டின் வேலையையும் அந்த நேரத்தில் திறந்துவைக்காதீர்கள். ஒருவருடைய கணக்குப் புத்தகம் மற்றவருடைய ஸ்கிரீன்ஷொட்டில் போய் விழுந்தால் இரகசியம் காப்பதாகக் கையொப்பமிட்ட நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். இரண்டு க்ளையன்ட் என்றால் இரண்டு யூசர் கணக்கு.

ஒரு சிறு டிக் பெட்டியையும் சொல்லவேண்டும். டீம்ஸ் அல்லது அவுட்லுக்கில் நிறுவன மின்னஞ்சலால் சைன் இன் செய்து முடிக்கும் நேரம், 'அலவ் மை ஓர்கனைசேஷன் டு மேனேஜ் மை டிவைஸ்' என்று ஒரு கேள்வி, பக்கத்தில் ஏற்கெனவே டிக் போட்டபடி வரும். பலர் 'ஓகே' அமத்திவிடுவார்கள். அதோடு உங்கள் சொந்த லெப்டொப் நிறுவனத்தின் நிர்வாகத்துக்குள் போகலாம், அவர்கள் அமைத்திருக்கும் விதத்தைப் பொறுத்து தூரத்திலிருந்து அழிக்கும் அதிகாரம் வரை. டிக்கை எடுத்துவிட்டு, கீழே சிறிய எழுத்தில் 'திஸ் அப் ஒன்லி' என்று முடியும் வரியை அமத்துங்கள். ஏற்கெனவே 'ஓகே' கொடுத்தவர்கள் 'செட்டிங்ஸ்', 'அக்கவுன்ட்ஸ்', 'அக்செஸ் வேர்க் ஓர் ஸ்கூல்' போய்ப் பார்க்கலாம். அங்கே நிறுவனப் பெயர் இருந்தால், வேலைக்குத் தேவையில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு 'டிஸ்கனெக்ட்' செய்யுங்கள்.

நிறுவனம் தந்த லெப்டொப் என்றால் கதை நேர். அதில் செய்வது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நடவுங்கள். வங்கி, வட்ஸ்அப், சொந்த மின்னஞ்சல், பிள்ளைகளின் சூம் வகுப்பு எதுவும் அதில் வேண்டாம். ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வேர்க்' (வீட்டுச் சாதனங்களிலிருந்து பிரிந்த தனி வைஃபை) வசதி இருந்தால் அந்த லெப்டொப்பை அதில் விடுங்கள்.

போனில், ஆண்ட்ரொயிட் என்றால் வேலை அப்களைத் தனியாகப் பிரித்துவைக்கும் 'வேர்க் ப்ரொஃபைல்' கேளுங்கள். வேலை அப்களில் சிறிய பெட்டி அடையாளம் விழும், நிறுவனம் அந்தப் பகுதியை மட்டும் அழிக்கலாம், உங்கள் படங்களில் கைவைக்க முடியாது. களத்துக்குப் போகிற சேல்ஸ் ரெப்மார், நுண்கடன் உத்தியோகத்தர்கள் போன்றோருக்கு இருப்பிடம் காட்டும் அப் தருவார்கள். அதன் லொகேஷன் அனுமதியை 'வைல் யூசிங் தி அப்' என்று வையுங்கள். 'ஓல் தி டைம்' கட்டாயம் என்றால், வேலை முடிந்ததும் அதை நிறுத்திவைக்க ஒழுங்கு கேளுங்கள். இரவு பத்து மணிக்கு நீங்கள் யார் வீட்டில் இருக்கிறீர்கள் என்பது அலுவலகத்துக்குத் தேவையில்லாத தகவல்.

கமரா

சில நிறுவனங்கள் வெப் கமராவில் சில நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் வசதியை ஓன் பண்ணிவிடுகின்றன. எங்கள் கிழக்கிலங்கை வீடுகளில் இதைச் சின்ன விசயமாக எடுக்க முடியாது. ஹோலிலேயே மேசை, பின்னால் குசினிக் கதவு, வீட்டுக்குள் தலையை மூடாமல் நடமாடும் பெண்கள், பாயில் படுத்திருக்கும் வாப்பா அல்லது அப்பா. வேலைக்கு ஒப்புக்கொண்டது நீங்கள் ஒருவர்தான், அவர்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் பெண்கள் இந்த ஒரு காரணத்துக்காக நல்ல வேலையை விடவேண்டிய நிலை வரக்கூடாது. கமராப் படம் வேண்டாம், பதிலாகக் கிழமைக்கு ஒரு தரம் வீடியோ அழைப்பில் வருகிறேன் என்று எழுதிக் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை.

ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்றால்: கதிரையைச் சுவரோடு போட்டு, முதுகு சுவருக்கு, லெப்டொப்பின் பின்பக்கம் ஹோலுக்கு என்று இருங்கள். கமராவுக்கு உங்களையும் சுவரையும் தவிர ஒன்றும் தெரியாது. சூமிலும் டீம்ஸிலும் பின்னணியை மங்கலாக்கியிருக்கிறேன் என்று நம்பியிருக்க வேண்டாம். அந்த மங்கல் அந்தந்த அப்புக்குள் மட்டுமே, கண்காணிப்பு செயலி கமராவிலிருந்து நேராக எடுக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் கமரா அனுமதியை நிறுத்தும் பட்டன் டெஸ்க்டொப் செயலிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது, ஒன்றை மட்டும் தனியாக நிறுத்த முடியாது. ஆகவே வேலை முடிந்ததும் லென்ஸுக்கு மேல் ஒரு சிறு துண்டு கறுப்பு டேப் ஒட்டுவதுதான் உறுதி. தடித்த மூடி வேண்டாம், லெப்டொப்பை மூடும்போது திரை வெடிக்கலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள். "இப்ப டைமர் ஓடுது" என்றால் அந்த லெப்டொப்பைத் தொடவோ பக்கத்தில் நின்று குடும்ப விசயம் கதைக்கவோ கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கவேண்டும்.

கரண்ட், இணையம், மணிக்கூடு

பெரும்பாலான டைமர் செயலிகள் இணையம் அறுந்தால் படத்தையும் நேரத்தையும் கணினிக்குள் சேமித்து, லைன் வந்ததும் அனுப்பும். அதற்கிடையில் செயலியிலிருந்து லொக் அவுட் ஆனாலோ அதை அகற்றினாலோ சேமித்தது போய்விடலாம். டெஸ்க்டொப் பாவிப்பவர்களுக்குச் சிக்கல் வேறு: கரண்ட் போன கணத்தில் ஓடிக்கொண்டிருந்த துண்டு பதியாமல் போகலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். கணினிக்கு ஒரு யூபிஎஸ், ரவுட்டருக்குத் தனியாக 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் இருந்தால் டைமரை ஒழுங்காக நிறுத்திச் சேமிக்கவாவது நேரம் கிடைக்கும். ரவுட்டரின் அடப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று வாசித்துவிட்டு வாங்குங்கள், எல்லா ரவுட்டரும் 12 வோல்ட் இல்லை.

பழைய டெஸ்க்டொப்பில் இன்னொரு சனியன் உண்டு. மதர்போர்டில் இருக்கும் சீஆர் 2032 என்ற காசு போன்ற பற்றரி செத்துப்போனால், கரண்ட் போய் வந்ததும் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். செயலி அந்த நேரத்தை ஏற்காது, அல்லது பிழையான நாளில் பதிந்துவிடும். பற்றரியை மாற்றுங்கள். பிறகு 'டைம் அன்ட் லாங்குவேஜ்' பகுதியில் நேர வலயம் 'ஸ்ரீ ஜெயவர்தனபுர' என்று இருக்கிறதா பார்த்து 'சிங்க் நவ்' அமத்துங்கள்.

நேரக் கணக்கிலும் ஏமாறுகிறோம். அப்வேர்க்கின் கிழமை உலகப் பொது நேரப்படி ஞாயிறு நள்ளிரவில் முடிகிறது, எங்களுக்கு அது திங்கள் காலை 5.30. அந்தக் கிழமையின் நேரத்தைத் திருத்தவும் படத்துக்குக் குறிப்பு எழுதவும் திங்கள் பின்னேரம் 5.30 வரை அவகாசம். லண்டன் அலுவலகத்தின் 9 முதல் 5 என்பது அவர்களுடைய கோடையில் எங்களுக்குப் பிற்பகல் 1.30 முதல் இரவு 9.30, குளிர்காலத்தில் 2.30 முதல் 10.30. மார்ச் கடைசியிலும் ஒக்டோபர் கடைசியிலும் இது மாறும்போது 'ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார்' என்று அறிக்கையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீம்ஸில் 5 நிமிடம் அசையாவிட்டால் 'அவே' என்று மஞ்சளாகும், வேலை மெசேஜ் அப்பான ஸ்லாக்கில் 10 நிமிடம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவரும் நேரம் போன்ற தெரிந்த இடைவெளிகளைக் கலண்டரில் முன்கூட்டியே போட்டு, ஸ்டேட்டஸிலும் எழுதிவிடுங்கள்.

வீதம் குறைந்தால்

வாசிப்பு, டிசைன் யோசனை, வீடியோ ரெண்டர் (எடிட் செய்த வீடியோவைக் கணினி முழு ஃபைலாக்குவது), நீண்ட அழைப்பு இவற்றில் வீதம் குறைவது இயல்பு. ரெண்டர் ஓடும்போது செயலி 'வேலையில்லை' என்று டைமரை நிறுத்தியும்விடும். இந்த நேரங்களுக்குக் காசு எப்படி என்று முதலே எழுதிக்கொள்ளுங்கள். டைமரின் குறிப்புப் பெட்டியில் 'வேலை' என்று ஒற்றைச் சொல் போடாமல் 'மூன்றாம் அத்தியாயம் வாசித்துத் திருத்தம் குறித்தல்' என்று போடுங்கள். அப்வேர்க்கில் கையால் சேர்க்கும் நேரத்துக்கு அவர்களுடைய கொடுப்பனவுப் பாதுகாப்பு கிடையாது என்பதால், நம்பிக்கையான க்ளையன்ட் இல்லாவிட்டால் அதைத் தவிருங்கள்.

மவுஸ் தானாக அசையும் கருவி, கீபோட் தானாக அமத்தும் செயலி வாங்க வேண்டாம். ஒரே இடைவெளியில் அசையும் மவுஸும், அரை மணித்தியாலமாக மாறாத திரையும் சேர்ந்தால் யாருக்கும் விளங்கும். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024 இல் கீபோட் அசைவைப் போலியாகக் காட்டியதற்காகப் பன்னிரண்டுக்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது. ஃப்ரீலான்ஸ் தளங்களில் கணக்கே மூடப்படும், வருடக்கணக்காகச் சேர்த்த ரிவியூவும் அதோடு போகும். அதைவிட, நியாயமான முறைப்பாடு ஒன்று உங்களிடம் இருந்தாலும் அதன்பின் எவரும் காதுகொடுக்கமாட்டார்கள்.

பதிலாக உங்கள் பக்கத்தில் ஒரு எக்செல் தாள் வையுங்கள்: திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன வேலை, எந்த ஃபைல், எப்போது அனுப்பினேன். தினமும் இரண்டு நிமிடம். காசு வெட்டும் பேச்சு வந்தால், வீதத்தைப் பற்றி வாதாடாமல் அந்தத் தாளையும் அனுப்பிய ஃபைல்களையும் முன்னால் வையுங்கள்.

ஏற்கெனவே ஏதும் ஓடுகிறதா?

குரோமில் மூன்று புள்ளி மெனுவின் அடியில் 'மேனேஜ்ட் பை யுவர் ஓர்கனைசேஷன்' என்று இருந்தால் அந்தப் பிரவுசர் யாரோ ஒருவரின் கட்டுப்பாட்டில். அதை அமத்தினால் என்ன அதிகாரம் இருக்கிறது என்று காட்டும். பிரவுசரோடு சேர்த்த சிறு செயலிகளான எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலையும் பாருங்கள். அப்பிள் மக் கணினியில் 'ப்ரைவசி அன்ட் செக்யூரிட்டி'யின் கீழ் 'ஸ்கிரீன் ரெக்கோர்டிங்', 'அக்செசிபிலிட்டி', 'இன்புட் மொனிட்டரிங்' மூன்றிலும் என்ன செயலி டிக் ஆகியிருக்கிறது என்று பாருங்கள், அங்கே அனுமதி இல்லாமல் திரையைப் பதிய முடியாது. ஐபோனில் 'ஜெனரல்' பகுதியில் 'விபிஎன் அன்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்'. ஆண்ட்ரொயிட்டில் 'டிவைஸ் அட்மின் அப்ஸ்'. நிறுவன விபிஎன் (அலுவலக வலையமைப்போடு இணைக்கும் வழி) ஓனாக இருக்கும்வரை உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் அவர்கள் வழியாகப் போகலாம், வேலை முடிந்ததும் அறுத்துவிடுங்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கேட்கும் உரிமைகள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் பகுதி பகுதியாகவே நடைமுறைக்கு வருகிறது, 2025 மார்ச்சில் தொடங்கவிருந்த முக்கிய பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. ஆகவே உள்ளூர் நிறுவனத்தோடு இப்போதைக்குக் கைகொடுப்பது எழுத்து ஒப்பந்தம்தான். உங்கள் சொந்தக் கணினிக்குள் அனுமதியில்லாமல் ஒருவர் நுழைந்தால் அது வேறு: 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின்படி அது குற்றம்.

க்ளையன்ட் ஐரோப்பிய ஒன்றிய நாட்டு நிறுவனம் என்றால் உங்கள் நிலை பலமானது. அவர்களுடைய தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி (ஜிடிபிஆர்) அங்கே நிலைகொண்ட நிறுவனம் கையாளும் தகவலுக்குப் பொருந்தும், தகவலுக்குரியவர் ஓட்டமாவடியில் இருந்தாலும் சரி. அதன் 15 ஆம் உறுப்புரையைக் குறிப்பிட்டு, என்னைப் பற்றிப் பதிந்த ஸ்கிரீன்ஷொட்டும் அறிக்கையும் தாருங்கள் என்று எழுதலாம். ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். பிரித்தானியாவிலும் இதே போன்ற சட்டம். அங்குள்ள தகவல் ஆணையாளர் அலுவலகம் 2023 ஒக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டல் ஒப்பந்தக்காரரையும் தளங்கள் வழியாக வேலை செய்பவர்களையும் சேர்த்தே பேசுகிறது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2024 டிசம்பரில் ஒரு நிறுவனத்துக்கு 40,000 யூரோ தண்டம் விதித்தது. 3 முதல் 15 நிமிடம் கீபோடும் மவுஸும் அசையாவிட்டால் வேலையில்லாத நேரம் என்று கணக்கிட்டதும், திரையைத் திரும்பத் திரும்பப் படமெடுத்ததும் அதன் காரணங்களில் இருந்தன. க்ளையன்டோடு கதைக்கும்போது மிரட்டாமல், பணிவாக இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

வேலை முடிந்த அன்று

வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் உங்கள் நேர அறிக்கைகளை பிடிஎஃப்பாக இறக்குங்கள், நிறுவனம் உங்கள் கணக்கை மூடினால் பிறகு கிடைக்காது. கடைசிக் காசு கைக்கு வரும்வரை அவற்றை வைத்திருங்கள். அடுத்து செயலியிலிருந்து லொக் அவுட் ஆகி, அகற்றி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் பெயர் போய்விட்டதா என்று பாருங்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷன் தனியாகக் கிடக்கும், அதையும் எடுங்கள். 'அக்செஸ் வேர்க் ஓர் ஸ்கூல்' பகுதியில் நிறுவனக் கணக்கை டிஸ்கனெக்ட் செய்யுங்கள். கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், இணைத்துவிட்ட வெளிச் செயலிகளின் பட்டியலிலிருந்து அதை நீக்குங்கள், இது மறந்துபோகும் இடம். அகற்ற பாஸ்வேர்ட் கேட்டால் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். தராவிட்டால் உங்கள் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதுதான் வழி. கடைசியாக, என் படங்களையும் பதிவுகளையும் எப்போது அழிப்பீர்கள் என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள், வரும் பதிலை அந்த பிடிஎஃப்களோடேயே சேமித்துவையுங்கள்.